உயரம் மாற்றக்கூடிய ஷூ ஸ்டாண்டு: செருப்பு வேலை செய்கிறவர் தானே செய்துகொள்ளலாம்

செருப்பு, ஷூ வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் தரையில்தான் உட்காருகிறார்கள். ஷூவை இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் முன்னால் மூன்று கால் இரும்பை வைத்து அதன்மேல் கவிழ்த்துக்கொண்டு குனிந்தபடியே நாள் முழுக்க அடிப்பார்கள். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணனும் அப்படித்தான் செய்தார். நாற்பது வயதிலேயே எழுந்திருக்கும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார், முதுகு நிமிர அவ்வளவு நேரம் ஆகும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த ஸ்டாண்டைச் செய்ய ஆரம்பித்தேன். இரண்டு முறை தப்பாகி, மூன்றாவதுதான் நின்றது. அந்த மூன்றாவதை எப்படிச் செய்வது என்று இங்கே எழுதுகிறேன். வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் ஒன்றரை நாள் வேலை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. ஸ்டாண்டு மூன்று விதமான விசையைத் தாங்க வேண்டும். சுத்தியல் மேலிருந்து கீழே அடிக்கும். ஷூவின் மேல்பாகமான அப்பரைக் குறடால் பிடித்து இழுக்கும்போது ஷூ மேலே கிளம்பப் பார்க்கும். ஊசி குத்தி நூலை இழுக்கும்போது பக்கவாட்டில் ஆடப் பார்க்கும். கடையில் விற்கிற பல ஸ்டாண்டுகளிலும், நான் முதலில் செய்ததிலும், இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு போல்ட்டு. உள் குழாயை வேண்டிய உயரத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் போல்ட்டை முறுக்கிவிட்டால் சரி என்று நினைத்திருந்தேன். பத்து அடி தாங்கியது. பதினோராவது அடியில் குழாய் சரசரவென்று இறங்கி, பிடித்திருந்த கையில் சுத்தியல் விழுந்தது. அதற்கப்புறம் நான் மாற்றவே மாற்றாத விதி இது: அடியைத் தாங்க ஒரு கம்பி, ஆட்டத்தை நிறுத்தத்தான் போல்ட்டு, மேலே கிளம்பாமல் பிடிக்க ஒரு வார். ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டக் கூடாது.

உயரம் எவ்வளவு வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அடிக்கிற வேலைக்கு ஷூவின் சோல் உங்கள் முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் தோளைத் தூக்காமல் சுத்தியலின் எடையிலேயே அடி விழும். தைக்கிறது, ஓரம் சீவுகிறது மாதிரி கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலைக்கு முழங்கை மட்டத்தில், அல்லது அதற்கு 5 செ.மீ. மேலே. ஆக ஒரே ஆளுக்கே இரண்டு உயரம் வேண்டும், உட்கார்ந்து செய்வதா நின்று செய்வதா என்று சேர்த்தால் நான்கு. இதனால்தான் உயரம் மாறாத ஸ்டாண்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சாயங்காலம் எங்கோ ஓர் இடத்தில் வலிக்கிறது.

45 செ.மீ. உயர ஸ்டூலில் உட்கார்ந்தால் என் முழங்கை தரையிலிருந்து 68 செ.மீ. வருகிறது. நின்றால் 103. உங்களுடையதை டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள், செருப்புப் போட்டு வேலை செய்கிறவர் என்றால் செருப்போடு. அப்புறம் லாஸ்ட்டை, அதாவது ஷூவுக்குள் வைக்கிற பாத வடிவ அச்சை, கவிழ்த்து வைத்தால் அதன் தலையிலிருந்து சோல் வரை எத்தனை செ.மீ. என்று அளக்க வேண்டும், என்னிடம் இருக்கும் ஆண்கள் லாஸ்ட்டில் சுமார் 10. ஸ்டாண்டின் தலைப்பகுதிக்கு ஒரு 2. ஆக, குழாயின் உச்சிக்கு மேல் 12 செ.மீ. போய்விடுகிறது. இதை மறந்துவிட்டு வெட்டியதுதான் என் இரண்டாவது ஸ்டாண்டு, எல்லாமே அரைச் சாண் உயரமாக வந்துவிட்டது.

ஒரே உள் குழாயை வைத்து உட்காருவதற்கும் நிற்பதற்கும் சரிக்கட்ட முடியாது. கீழே நன்றாக இறங்க வேண்டுமென்றால் குழாய் குட்டையாக இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் மேலே போதாது. அதனால் வெளிக் குழாய் ஒன்று, உள் குழாய் இரண்டு. வெளிக் குழாய் 38 செ.மீ., உள்ளே போகிற குட்டைக் குழாய் 40, நெட்டைக் குழாய் 65. உள்ளே எப்போதும் குறைந்தது 15 செ.மீ. இருக்கட்டும், அதற்குக் குறைந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆடும். இந்தக் கணக்கில் குட்டைக் குழாயின் உச்சி அடித்தகட்டிலிருந்து 40 முதல் 63 வரை, நெட்டைக் குழாயினுடையது 65 முதல் 88 வரை வரும். என்னைவிட ரொம்ப உயரமானவர் நெட்டையை 70 ஆக வெட்டிக்கொள்ளலாம்.

குழாய் எது வாங்குவது? வெளிக் குழாய் ஒன்றேகால் அங்குலம், உள் குழாய் ஒரு அங்குலம். கடையில் சொல்கிற அங்குலம் பெயருக்குத்தான், உண்மையான அளவு வேறு. ஒரு அங்குலக் குழாயின் வெளி விட்டம் 33.7 மி.மீ., ஒன்றேகால் அங்குலக் குழாயின் வெளி விட்டம் 42.4. ஒன்றேகாலில் பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) எடுத்தால் சுவர்க் கனம் கிட்டத்தட்ட 3.2 மி.மீ., உள் விட்டம் சுமார் 36 வரும், ஆக ஒரு அங்குலக் குழாய் 2 மி.மீ. சந்தோடு உள்ளே போகும். அந்தச் சந்து வேண்டும், வெல்டிங் சூட்டில் குழாய் கொஞ்சம் கோணினாலும் மாட்டிக்கொள்ளாமல் ஏறி இறங்கும். ஜி.ஐ. குழாயில் மஞ்சள் பட்டை போட்டிருந்தால் ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. இரண்டுமே பி கிளாஸாக இருக்கட்டும்.

ஆனால் கிடைத்தால் ஜி.ஐ. வேண்டாம், கறுப்புக் குழாயே வாங்குங்கள், அளவு அதேதான். ஜி.ஐ.யில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, வெல்டிங் வைக்கும்போது அது வெள்ளைப் புகையாகக் கிளம்பும், மூச்சில் போனால் அன்று இரவு குளிர் காய்ச்சல் வந்து படுக்க வைத்துவிடும். வீட்டில் பழைய ஜி.ஐ. துண்டுதான் கிடக்கிறது என்றால் வெல்டிங் வருகிற இடத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைக் கிரைண்டரால் நன்றாகச் சுரண்டிவிட்டு, வெட்டவெளியில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். வாங்கும்போதே உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், நெடுக ஒரு தழும்பு மாதிரி மேடு ஓடும், அது குழாயின் தையல். வெளிக் குழாயில் அந்த மேடு பெரிதாக இருந்தால் உருண்டை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

அடித்தகடு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 10 மி.மீ. கனம். எடை 16 கிலோவுக்குச் சற்று மேல் வரும். கனம் குறைந்த தகடு எடுத்து மிச்சம் பிடிக்காதீர்கள், அடி விழும்போது சத்தம் வருவதும் ஆணி வளைவதும் லேசான அடித்தகட்டால்தான். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடைகளில் வேன் பிரேக் டிரம் கிடைக்கும், அதையும் அடிக்கு வைக்கலாமே என்று கேட்கலாம். டிரம் வார்ப்பிரும்பு, சாதாரண வெல்டிங் ராடு வைத்தால் ஆறும்போது விரிசல் விட்டுவிடும். போல்ட்டு போட்டுத்தான் பிடிக்க வேண்டும், எனக்கு அது சரிவரவில்லை. தகடே மேல்.

தகட்டின் நடுவில் வெளிக் குழாயை நிறுத்தி முதலில் நான்கு பக்கமும் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். மூலமட்டம் வைத்துப் பார்த்து, சாய்ந்திருந்தால் அப்போதே தட்டிச் சரிசெய்துவிட்டு, அப்புறம் எதிர் எதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் போட வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் குழாயை அந்தப் பக்கம் இழுத்துவிடும். பிறகு குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் முக்கோணத் துண்டு நான்கு. தகட்டின் அடியில் 10 மி.மீ. கனத்தில் மூன்று சின்னத் துண்டுகள் கால்களாக. நான்கு வைக்காதீர்கள், நம்முடைய தரை எதுவும் அவ்வளவு சமமில்லை, மூன்று கால் என்றால் எந்தத் தரையிலும் மூன்றும் ஊன்றும்.

இப்போது முக்கியமான இடம். வெளிக் குழாயின் வாயில் 8 மி.மீ. கனத்தில் ஒரு வளையம் வெல்டிங் வைக்க வேண்டும், உள் ஓட்டை 36, வெளி விட்டம் 55 இருந்தால் போதும், லேத்துப் பட்டறையில் கடைந்து தருவார்கள். அந்த வளையத்தின் மேல்முகத்தில் சம தூரத்தில் எட்டுப் பள்ளம், அரத்தாலேயே போடலாம், ஒவ்வொன்றும் 3 மி.மீ. ஆழம். உள் குழாயில் குறுக்கே ஓட்டை போட்டு 10 மி.மீ. கம்பியைச் செருகினால் அது வளையத்தின் மேல் எதிரெதிரான இரண்டு பள்ளத்தில் போய் உட்காரும். சுத்தியல் அடி உள் குழாய் வழியாகக் கம்பிக்கும், கம்பியிலிருந்து வளையத்துக்கும், வளையத்திலிருந்து தரைக்கும் நேராக இறங்கிவிடுகிறது. வழுக்குவதற்கு இடமே இல்லை. குழாயை லேசாகத் தூக்கித் திருப்பி அடுத்த பள்ளத்தில் வைத்தால் ஷூவின் முனை எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பும், எட்டுத் திசை. வெளிக் குழாயில் கம்பிக்காக ஓட்டையே வேண்டாம், அதனால் ஓட்டைக்கு ஓட்டை நேராக வருகிறதா என்ற தலைவலியும் இல்லை.

கம்பிக்குக் கட்டடக் கம்பி ஆகாது, முறுக்கு வரி பள்ளத்தில் சரியாக உட்காராது. தலையில் 8.8 என்று பொறித்த 10 மி.மீ. போல்ட்டு ஒன்றை நீளமாக வாங்கி, மரை (முறுக்குப் புரி) இல்லாத பகுதி வேலைக்கு வருகிற மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். ஓட்டை 10.5. குட்டைக் குழாயில் உச்சியிலிருந்து 5 செ.மீ. விட்டு, 2.5 செ.மீ.க்கு ஒன்றாக 25 வரை ஒன்பது ஓட்டை. நெட்டையில் 30இல் ஆரம்பித்து 50 வரை அதேபோல் ஒன்பது. ஒரு ஓட்டை கிழக்கு மேற்காகப் போனால் அடுத்தது வடக்கு தெற்காகப் போகட்டும், ஒரே கோட்டில் வரிசையாகத் துளைத்தால் குழாயின் பலம் குறையும். பெரிய அடி வேலைக்குக் கம்பியே போடாமல் உள் குழாயை அடித்தகடு வரை இறக்கிவிடுங்கள், அதைவிட உறுதியான நிலை கிடையாது.

ஆட்டத்துக்குப் போல்ட்டு இரண்டு. வெளிக் குழாயின் ஒரே பக்கத்தில், வாயிலிருந்து 3 செ.மீ. கீழே ஒன்று, 11 செ.மீ. கீழே ஒன்று. 13 மி.மீ. ஓட்டை போட்டு, அதன்மேல் 12 மி.மீ. நட்டை வெல்டிங் வைத்து, போல்ட்டின் தலையில் கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு துண்டுக் கம்பி. ஒரே போல்ட்டு இருந்தால் அந்த இடத்தையே அச்சாக வைத்து உள் குழாய் தலையாட்டும், இரண்டு இருந்தால் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். நட்டை வெல்டிங் வைக்கும்போது பழைய போல்ட்டு ஒன்றை உள்ளே முறுக்கி வைத்திருங்கள், இல்லையென்றால் பொறி தெறித்து மரை கெட்டுப்போகும்.

அடுத்து தலை. உள் குழாயின் உச்சியில் 6 செ.மீ. சதுரத்தில் 12 மி.மீ. தகடு. அதன் நடுவில் லாஸ்ட்டின் ஓட்டைக்குள் போகிற முளை. பிளாஸ்டிக் லாஸ்ட்டுகளின் தலையில் இரும்புக் குழல் பதித்த ஓட்டை இருக்கும், அதன் விட்டத்தையும் ஆழத்தையும் உங்களிடம் இருக்கிற எல்லா லாஸ்ட்டிலும் அளந்து, இருப்பதிலேயே சின்னதற்கு முளையைக் கடையுங்கள். நீளம் ஓட்டையின் ஆழத்தைவிட 5 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இதில் தவறினால் லாஸ்ட் முளையின் நுனியில் நின்றுகொண்டு அடி வாங்கும், கொஞ்ச நாளில் ஓட்டையின் அடி உடைந்துவிடும். லாஸ்ட்டின் தலை தகட்டில் படிய வேண்டும், முளை அது நகராமல் பிடிக்க மட்டும்தான். தகட்டுக்கும் லாஸ்ட்டுக்கும் நடுவில் கனமான சோல் தோல் ஒரு வட்டம் வெட்டிப் போடுங்கள். ரப்பர் போடாதீர்கள். ரப்பர் அடியை வாங்கித் திருப்பி எறியும், ஆணி நேராக இறங்காது, சொல்யூஷன் போட்டு ஒட்டின சோலும் சரியாக அமுங்காது.

முளை உருண்டை என்பதால் லாஸ்ட் அதன்மேல் சுற்றும். முனையில் அடித்தால் முன்பக்கம் கீழே சாயவும் செய்யும். இரண்டுக்கும் சேர்த்து முனைத் தாங்கி வேண்டும். தலைத் தகட்டிலிருந்து முன்பக்கமாக 18 செ.மீ. நீளத்தில் 25க்கு 6 மி.மீ. இரும்புப் பட்டை ஒன்று, அதில் நீளவாக்கில் ஒரு கீற்று, அந்தக் கீற்றில் நிமிர்ந்து நிற்கிற 12 மி.மீ. போல்ட்டு, பட்டைக்கு மேலும் கீழும் நட்டு. போல்ட்டின் உச்சியில் கிண்ணம் மாதிரி வளைத்த ஒரு தகட்டுத் துண்டு, உள்ளே தோல் ஒட்டியது. கவிழ்ந்த ஷூவின் முன்மேல் பாகம் அந்தக் கிண்ணத்தில் உட்காரும். குழந்தை ஷூ என்றால் பின்னால் தள்ளுங்கள், பூட்ஸ் என்றால் முன்னால். அப்பரில் கோடு விழக் கூடாது என்பதால் கிண்ணத்துத் தோலின் மழமழப்பான பக்கம் மேலே இருக்கட்டும், தூசி சேர்ந்தால் துடையுங்கள். பளபளப்பான அப்பரில் மணல் ஒன்று மாட்டினால் கீறல் போட்டுவிடும்.

வார் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஆட்கள் ஷூவைத் தொடைமேல் வைத்து, ஒரு தோல் வாரை ஷூவின்மேல் போட்டு, அதன் மறுமுனையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்வார்கள். அருமையான ஏற்பாடு. காலைத் தூக்கினால் ஷூ விடுபடும், மிதித்தால் இறுகும், இரண்டு கையும் சும்மா இருக்கும். அதையே ஸ்டாண்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் நல்ல கனமான தோல் வார், பக்கிள் போட்டது, சோலின் நடுப்பகுதியில் குறுக்கே போய் இரண்டு பக்கமும் இறங்கி, அடித்தகட்டுக்கு ஒரு சாண் மேலே வளையமாகச் சேர வேண்டும். அந்த வளையத்தில் பாதத்தை வைத்து மிதிக்கலாம். குறடால் அப்பரை இழுக்கும்போது ஷூ முளையிலிருந்து கழன்று வராமல் பிடிப்பது இந்த வார்தான். மிதிக்கிற எடை ஸ்டாண்டையும் தரையோடு அழுத்துவதால் நெட்டைக் குழாய் போட்டு நின்று வேலை செய்யும்போது சாயாது. ஊசி வேலைக்கும் இது போதும். நடுவில் ஆணி அடிக்க வேண்டிய இடம் வந்தால் வாரை ஹீல் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம்.

சாய்த்து வைத்துத் தைக்கத் தலையில் ஒரு மூட்டு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நானும் வைத்துப் பார்த்தேன், சுத்தியல் வேலைக்கு அது ஒத்துவராது, எவ்வளவு இறுக்கினாலும் மூட்டு மெல்ல மெல்லத் தளரும். அதற்குப் பதிலாக மூன்றாவது உள் குழாய் ஒன்றை 40 செ.மீ.க்கு வெட்டி, உச்சியை 30 பாகை சரிவாக அறுத்து அதன்மேல் தலைத் தகட்டை வையுங்கள். தைக்கும்போது மட்டும் இதை மாட்டிக்கொண்டால் போதும்.

லாஸ்ட் இல்லாமல், போட்டுப் பழகின ஷூவுக்கு ஹீல் மாற்றுகிறவர்களுக்கு மூன்று கால் இரும்புதான் வேண்டும். ஆணியின் நுனி இரும்பில் முட்டி மடங்கினால்தான் உள்ளே காலைக் குத்தாது. அதையும் இந்த ஸ்டாண்டில் வைக்கலாம், ஆனால் அது வார்ப்பிரும்பு, வெல்டிங் வேண்டாம். இன்னொரு உள் குழாயின் உச்சியில் அந்த இரும்பு நிற்கிற அளவுக்கு ஒரு பெரிய தகடு வைத்து, அதன் கால்கள் படுகிற மூன்று இடத்திலும் சின்னத் துண்டுகளைத் தடுப்பாக வெல்டிங் வைத்து, நடுவில் ஒரு வாரால் கட்டிவிடுங்கள். குழாயைக் கீழே வரை இறக்கி வைத்தே அடியுங்கள்.

லாஸ்ட், தோல், ஆணி, சொல்யூஷன் எல்லாம் சென்னை பெரியமேட்டில் ஒரே வட்டாரத்தில் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. பழைய ஷூ ஒன்றை மாட்டி, முனையில் பத்து அடி, ஹீலில் பத்து அடி. சத்தம் டொக், டொக் என்று அமுங்கி வந்தால் சரி. கணீர் என்று கேட்டால் எங்கோ ஒன்று தளர்ந்திருக்கிறது: முதலில் போல்ட்டு இரண்டையும் பாருங்கள், அப்புறம் கம்பி பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அப்புறம் முனைத் தாங்கியின் கீழ் நட்டு. மாடியில் வேலை செய்கிறவர்கள் அடியில் கோணிப்பையை நான்காக மடித்துப் போடலாம், கீழ் வீட்டுக்குச் சத்தம் குறையும். பெயின்ட்டை வெளிக் குழாய்க்கும் தகட்டுக்கும் மட்டும் அடித்து, உள் குழாயில் மாதம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் இரவு குழாயை வெளியே உருவி வையுங்கள், உள்ளேயே விட்டால் துரு பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக, உள் குழாயில் யாருக்கு எந்த ஓட்டை என்று பெயின்ட்டால் புள்ளி வைத்துவிடுங்கள். எங்கள் கடையில் சிவப்பு அண்ணனுக்கு, வெள்ளை எனக்கு. உட்கார்ந்து அடிக்கும்போது இருவருக்குமே கம்பி வேண்டாம், குழாய் அடியில் நிற்கும். தைக்கும்போது அவருக்கு மேலிருந்து ஐந்தாவது ஓட்டை, எனக்கு ஏழாவது.